மார்த்தாள் நிற்கிற இடம்

முடிச்சூர் ரோட்டில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கும்போது கிருபா வலது காலைத்தான் முதலில் ஊன்றுவாள். இடது காலை முதலில் ஊன்றிவிட்டால் அன்றைக்குப் பொழுது சாயும்வரை அந்த முட்டி அவளை மன்னிக்காது. இறங்கி, புடவையை உதறிக்கொண்டு, "ஏசப்பா, இன்னிக்கி ஒரு நாள் தள்ளிக் குடு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, அடுக்கு வீடுகளுக்கு நடுவே போகும் சந்தில் நடப்பாள். இடது காலின் செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். அந்தச் சத்தம் சந்து முனையைத் தாண்டியதுமே மதிலுக்கு உள்ளேயிருந்து ஒரு மெல்லிய கனைப்பு கேட்கும்.

"வந்துட்டேன்டீ, வந்துட்டேன். உனக்கு இன்னா, நாலு காலு கீது. எனக்கு இருக்கறதே ரெண்டு. அதுல ஒண்ணு மக்கர் பண்ணுது."

மதிலுக்கு உள்ளே இருப்பது பிள்ளைகளுக்குக் குதிரை ஏற்றம் சொல்லிக்கொடுக்கிற இடம். நடுவில் மணல் பரப்பி வேலி கட்டிய ஒரு வட்டம். ஓரத்தில் தகரக் கூரை போட்ட லாயம். வட்டத்தை ஒட்டி ஒரு வாதாமரம். மரத்தடியில், வீடு கட்டியவர்கள் மிச்சம் விட்டுப்போன ஒரு கருங்கல். லாயத்தில் நெட்டை நெட்டையாகப் பெரிய குதிரைகள் நிற்கும். கடைசித் தடுப்பில், கதவுக்கு மேலே தலை மட்டும் தெரிய நிற்பவள்தான் மார்த்தாள்.

மார்த்தாள் என்பது கிருபா வைத்த பெயர். மற்றவர்களுக்கெல்லாம் அவள் பிரின்சஸ். மணிப்பூர் மட்டக்குதிரை. செம்பழுப்பு நிறம், கருத்த பிடரி, உருண்டு திரண்ட வயிறு. உயரமென்று பார்த்தால் கிருபாவின் தோளைத் தாண்டாது. ஆனாலும் முதுகு மெத்தை போட்ட மாதிரி அகலம். முதன்முதலாக ஏறுகிற பிள்ளை அதன்மேல் உட்கார்ந்து கீழே பார்த்தால் தலை சுற்றாது. பக்கத்தில் நிற்கிறவர் எட்டிப் பிள்ளையின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம். லாரி ஹாரன் அடித்தாலும் காதை மட்டும் திருப்புமே தவிர உடம்பைத் திருப்பாது. சின்னப் பிள்ளைகளுக்கென்றே கர்த்தர் உட்கார்ந்து பண்ணியது என்பாள் கிருபா.

இடத்தின் சொந்தக்காரர் சத்யநாராயணன் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். வடகிழக்கில் வேலை பார்த்தபோது இந்த ஜாதிமேல் ஆசைப்பட்டு, எப்படியோ ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். "போலோ ஆட்டம் பிறந்ததே இதோட முதுகுல தாம்மா. இப்ப அங்கயே இது கொஞ்சமாத்தான் மிச்சம் இருக்கு" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். போலோ என்றால் கிருபாவுக்கு வட்டமாக நடுவில் ஓட்டை போட்ட மிட்டாய். மணிப்பூர் எங்கே இருக்கிறதென்றும் தெரியாது. சபைப் போதகரைக் கேட்டாள். ரொம்ப தூரம், அங்கேயும் நம் ஜனங்கள் இருக்கிறார்கள் என்றார். அன்றைக்கிருந்து அவளுடைய ஜெபத்தில் அந்த ஊரும் சேர்ந்துகொண்டது. பிற்பாடு டிவியில் அந்த ஊரில் சண்டை, வீடுகள் எரிகின்றன என்று காட்டியபோது, மறுநாள் மார்த்தாளின் நெற்றியைத் தடவிக்கொடுத்து, "உங்க ஊருக்காக நேத்து ரொம்ப நேரம் கேட்டேன்டீ" என்றாள்.

மார்த்தாள் என்று ஏன் வைத்தாள் என்றால், வேதத்தில் வருகிற அந்த மார்த்தாள்மேல் கிருபாவுக்கு எப்போதுமே ஒரு இரக்கம். தங்கச்சி மரியாள் ஏசுவின் பாதத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், நல்ல பெயர் வாங்கினாள். மார்த்தாள் அடுப்படியில் கிடந்து அல்லாடினாள், பேச்சு வாங்கினாள். "கேக்கறது நல்லதுதான், நான் இல்லேங்கல. வந்தவங்களுக்கு யாராச்சும் சோறாக்க வேணாமா?" என்று மகள் ஹெப்சியிடம் ஒருமுறை சொல்லி, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டு ஜெபம் பண்ணினாள். நாள் முழுக்க யாரையாவது சுமந்துகொண்டு, ஒரு முனகல் இல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிற குதிரைக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

அவர்கள் இருவரும் சந்தித்தது பெருவெள்ளத்தில். அப்போது கிருபாவின் வீடு முடிச்சூரில்தான் இருந்தது. விடிந்து பார்க்கும்போது தண்ணீர் கட்டிலுக்கு வந்துவிட்டது. கணவர் போய்ச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஹெப்சியைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு முன்னே போக, பின்னாலேயே போன கிருபா தண்ணீருக்கு அடியில் மூடியில்லாத சாக்கடைக் குழிக்குள் காலை விட்டுவிட்டாள். முட்டி திருகிக்கொண்டது. இழுப்பு ஆளைச் சாய்த்தது. கையை வீசியபோது கைக்கு அகப்பட்டது ஒரு பிடரி. லாயத்திலிருந்து அவிழ்த்துவிட்ட குதிரைகளெல்லாம் மேட்டைப் பார்த்து ஓடிவிட்டன. இந்தக் குட்டை மட்டும் வயிற்றளவு தண்ணீரில் வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. கிருபா அதைப் பிடித்துக்கொண்டு, காலைக் குழியிலிருந்து உருவி, மூச்சு வாங்கி, நிமிர்கிற வரைக்கும் அது அசையவில்லை. பிறகு இரண்டு பேருமாகச் சபைக் கட்டடத்தின் படியேறினார்கள். தண்ணீர் வடிந்ததும் குதிரையைத் தேடிக்கொண்டு வந்த சத்யநாராயணன், அதற்குத் தன் ரொட்டியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். வீட்டு வேலையெல்லாம் வெள்ளத்தோடு போயிருந்த கிருபாவுக்கு அன்றைக்கே வேலை கிடைத்தது.

வேலை இதுதான். சாணி அள்ளுவது, புல் போடுவது, கொள்ளு ஊறவைப்பது. வகுப்பு நேரத்தில், பிள்ளையை மார்த்தாள்மேல் உட்காரவைத்து, தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வட்டத்தில் நடத்திக் கூட்டிவருவது. தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் முதல்முதல் குதிரை ஏறியது அவள் கயிற்றில்தான்.

சத்யநாராயணன் காலமானதும் பொறுப்பு மகள் ஸ்ம்ருதிக்கு வந்தது. நல்ல பெண். கிருபாக்கா, கிருபாக்கா என்று உயிரை விடும். ஆனால் அதற்குள் கிருபாவின் முட்டி அந்தப் பழைய குழியை நினைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இருந்த வலி, ஒரு சுற்று நடந்தாலே வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், போய் வீட்டில் இரு என்பார்கள். வீட்டில் இருந்து என்ன செய்வது? ஹெப்சி காட்டாங்குளத்தூர் காலேஜ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், சோற்றுக்குக் கவலை இல்லை. ஆனால் மார்த்தாளை யார் நடத்துவார்கள்?

ஆகவே ஒரு வழி செய்தாள். ஒவ்வொரு சுற்றும் வாதாமரத்தடிக்கு வந்ததும், அந்தக் கருங்கல்லில் உட்காருவாள். மேலே இருக்கிற பிள்ளை, "ஏன் ஆன்ட்டி நிக்கறோம்?" என்று கேட்கும்.

"குதிரைக்கு மூச்சு வாங்குது கண்ணு. அதுவும் உசுருதானே. செத்த நிக்கட்டும்."

உட்கார்ந்தபடியே கண்ணை மூடி, கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஒருமுறை மனசுக்குள் சொல்வாள். அது முடியும்போது முட்டி கொஞ்சம் ஆறியிருக்கும். எழுந்து நடப்பாள். மார்த்தாள் அதுவரை வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். பொய் சொன்னோமே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. வாயில்லாத ஜீவன், அது ஒன்றும் வருத்தப்படாது என்று நினைத்துக்கொண்டாள்.

வருத்தம் வேறு வழியாக வந்தது.

கோடை விடுமுறை வந்தால் ஸ்ம்ருதி சம்மர் கேம்ப் வைப்பாள். இந்த வருஷம், கொஞ்சம் பழகின பிள்ளைகள் கயிறு இல்லாமல், ஆள் இல்லாமல், தாங்களே மட்டக்குதிரையை ஓட்டவேண்டும் என்று திட்டம். ஆனால் பிரின்சஸ் தனியே விட்டால் ஒரு சுற்றுகூட ஒழுங்காக முடிப்பதில்லை. பாதியில் நின்றுவிடுகிறது. இதற்குமுன் பெற்றோர்களும் சொல்லிவிட்டார்கள்: உங்கள் சின்னக் குதிரைக்கு வயசாகிவிட்டது போலிருக்கிறதே, மூச்சு வாங்குகிறதாமே, பிள்ளை வந்து சொல்கிறான். மிருக டாக்டர் வந்து குழல் வைத்துப் பார்த்தார். இதயம் கெட்டி, நுரையீரல் சுத்தம், கால் நாலும் பழுதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அப்ப திமிருதான்" என்றாள் ஸ்ம்ருதி. "கிருபாக்கா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா இருந்தா வச்சிருப்பார். எனக்கு ரெண்டு சின்ன குதிரை வாங்கணும், இடம் வேணும். கீழ்க்கட்டளைல இருந்து ஒருத்தர் வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கார்."

அந்த ஒருத்தர் மறுநாளே வந்தார். மோகன்ராஜ் என்று பெயர். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு விடுகிறவர். கழுத்தில் துண்டு, காதில் ப்ளூடூத். லாயத்துக் கதவின்மேல் கையை ஊன்றிக்கொண்டு மார்த்தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, குதிரையா கன்னுக்குட்டியா?"

"குதிரைதான் தம்பி. மணிப்பூர் குதிரை."

"மணிப்பூரா? நம்ம ஊரு ஷேர் ஆட்டோ மாரி இருக்குதே. ஏன்க்கா, பால் கீல் கறக்குதா?"

"கறந்தா உனக்குத்தான் மொதல்ல டீ போட்டுக் குடுப்பேன்."

மோகன்ராஜ் கடகடவென்று சிரித்தார். கெட்ட மனுஷனாகத் தெரியவில்லை. அதுதான் கிருபாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவனாயிருந்தால் சபிக்க முடியாவிட்டாலும் ஜெபத்திலாவது ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லலாம்.

"இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போறே தம்பி?"

"காதுகுத்து, பர்த்டே, மஞ்சத்தண்ணி. கொயந்தைய ஒக்கார வச்சி ஊர்கோலம். தலைல எறகு, ஒடம்பு பூரா லைட்டு. முன்னாடி பேண்டு, பின்னாடி டிஜே. செம்ம கெத்தா இருக்கும்."

"வெடி வெடிப்பாங்களே."

"வெடி இல்லாம ஊர்கோலமா? சவுண்டுக்குப் பயக்கிக்கலாம்க்கா. மொதல்ல ரெண்டு நாளு மெரளும். அப்பால காதே கேக்காத மாரி ஆயிடும்."

காதே கேட்காத மாதிரி ஆகிவிடும். சந்து முனையில் தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக் கனைக்கிற காது. கிருபா புல் கட்டைப் பிரித்தாள்.

சனிக்கிழமை காலையில் வண்டியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மோகன்ராஜ் போனார். கிருபா ஸ்ம்ருதியின் பின்னாலேயே நடந்தாள்.

"ஸ்ம்ருதிம்மா, ஒரு தபா தனியா வுட்டுப் பாரேன். நிக்காம சுத்திச்சின்னா வச்சிக்குவியா?"

ஸ்ம்ருதி திரும்பினாள். "நிக்காம சுத்தினா நான் ஏன்க்கா அனுப்பறேன்? சரி. சனிக்கிழமை காலைல ரேஷ்மாவ ஏத்திப் பாப்போம். அன்னிக்கும் நின்னா என்னைக் கேக்கக் கூடாது."

ரேஷ்மா மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். பயமறியாதவள், வாய் ஓயாதவள். அன்று மாலையே ஒத்திகை பார்த்தார்கள். கிருபாவை வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். ரேஷ்மா கடிவாளத்தைப் பிடித்து நாக்கால் டக் என்றாள். மார்த்தாள் நடந்தது. அழகான நடை, தலை ஆடாத நடை. வாதாமரத்தடிக்கு வந்தது. நின்றது.

"போ பிரின்சஸ்! கமான்! போயேன்! ஆன்ட்டி, இதுக்கு மூச்சு வாங்குது!"

கிருபா என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணை மூடி, பழக்கத்தில் ஜெபத்தைத் தொடங்கினாள். முடித்துக் கண்ணைத் திறந்தபோது மார்த்தாள் நடக்க ஆரம்பித்திருந்தது.

அடுத்த சுற்றும் நின்றது. இந்தத் தடவை கிருபா கண்ணை மூடவில்லை. மார்த்தாள் தலையைத் திருப்பி அந்தக் கருங்கல்லைப் பார்த்தது. கல் காலியாக இருந்தது. பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற கிருபாவைப் பார்த்தது. ஏன் இன்னும் வந்து உட்காராமல் இருக்கிறாய் என்று கேட்பதுபோலக் காதை முன்னால் நிமிர்த்தியது. கிருபா உதடு அசையாமல் ஜெபத்தைச் சொன்னாள். முடியவும் மார்த்தாள் நகரவும் சரியாக இருந்தது.

திமிரும் இல்லை, வயசும் இல்லை. அது கிருபாவின் முட்டிக்காக நிற்கிறது. ஒவ்வொரு சுற்றும் ஒருத்தி உட்கார்ந்து எழுந்திருக்கிற நேரத்தை எந்த அளவுகோலும் இல்லாமல் அளந்து வைத்துக்கொண்டு, அவள் இல்லாவிட்டாலும் அவளுக்காக நிற்கிறது. வெள்ளத்தில் நின்ற அதே நிற்பு.

அன்றைக்கு ஆட்டோவில் போகும்போது கிருபாவுக்கு ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்ப ஓடிற்று. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதென்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தது. பிறன் என்றால் மனுஷன் மட்டும்தானா? என் மூச்சை அதன் மூச்சு என்று சொன்னேன். ஊரே அதை நம்பிவிட்டது. இப்போது அதற்குத் தலையில் இறகு கட்டப் போகிறார்கள்.

வீட்டில் ஹெப்சி தைலம் தேய்த்துவிட்டாள். "வேலைய விட்டுடும்மான்னு எத்தனை தடவ சொல்றது? குதிரைய ரிட்டயர் பண்றாங்க, உன்னப் பண்ண மாட்டேங்கறாங்க."

"அத்த ரிட்டயரு பண்ணலடீ. டிஜேவுக்கு அனுப்பறாங்க."

"யார் போனா என்னம்மா, உன் கால் போகுதே."

கிருபா தைல வாசனையில் அப்படியே தூங்கிப்போனாள். ஜெபம் பண்ணாமல் தூங்கிய நாட்கள் அவள் வாழ்க்கையில் குறைவு. அன்று அப்படி ஒரு நாள்.

மறுநாள் பிள்ளைகள் யாரும் வராத வேளையில் மார்த்தாளை வட்டத்துக்குள் இறக்கினாள். மேலே யாரும் இல்லை, கயிறு மட்டும் கையில். வாதாமரம் வந்தது. கிருபா உட்காரவில்லை, நேரே நடந்தாள். கயிறு பின்னால் இழுத்தது. மார்த்தாள் நின்றுவிட்டது.

"வாடீ. எனக்கு வலிக்கல. சத்தியமா வலிக்கல. வா."

அதுவும் பொய்தான். முட்டிக்குள் சுத்தியல் அடித்தது. மார்த்தாள் ஓர் அடி வைத்து, மூக்கை அவள் இடுப்பில் வைத்து, மெதுவாகக் கல்லின் பக்கம் தள்ளிற்று. கிருபாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "ஆமாண்டீ, நீதான் எனக்கு மாமியாரு" என்று உட்கார்ந்துகொண்டாள்.

உட்கார இடமில்லாவிட்டால் நிற்காதோ என்று பார்த்தாள். பக்கத்துக் கட்டட வேலையில் இருந்த ஆட்களைக் கெஞ்சிக் கூப்பிட்டுக் கல்லைப் புரட்டி மதிலோரம் போடச் செய்தாள். கல் இருந்த இடத்தில் மஞ்சளாய்ப் புல் செத்துக் கிடந்தது. மார்த்தாள் அதை மோந்து பார்த்தது. பிறகு, அங்கேயே நின்றது. கிருபா எத்தனை சுற்று நடந்தாலும் அது அவளைக் கேட்காமல் அவளுக்கு ஓய்வு கொடுத்தது. அன்று மாலை அவளால் ஆட்டோ படியில் ஏறவே முடியவில்லை. டிரைவர் கை கொடுத்து ஏற்றினார்.

வெள்ளிக்கிழமை, ஸ்ம்ருதி சேணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கிருபா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"ஸ்ம்ருதிம்மா. அது நிக்கறது அதுக்காக இல்ல. எனக்காக."

சொல்லி முடித்தாள். முட்டி, கல், மூச்சு வாங்குகிறதென்று பிள்ளைகளிடம் சொன்னது, எல்லாம். ஜெபத்தை மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்கும் மார்த்தாளுக்கும் நடுவில் இருக்கட்டும்.

ஸ்ம்ருதி முதலில் சிரித்தாள். பிறகு கிருபாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். துடைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"முட்டி வலின்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா வேலைய வுட்டு நின்னுக்கோன்னு சொல்லியிருப்பே."

ஸ்ம்ருதியும் களைத்துப்போனவள்தான். அப்பா விட்டுப்போன குதிரைகளுக்கும், அப்பா விட்டுப்போன பேச்சுகளுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறவள். மடித்த துணியைச் சேணத்தின்மேல் வைத்துவிட்டு, "அப்படியே இருந்தாலும் நாளைக்கு நிக்கத்தானேக்கா போகுது? ஒரே நாள்ல எப்படி மாத்தறது?" என்றாள்.

"நான் இருக்கற வரைக்கும் நிக்கும். நான் இல்லேன்னா பாத்துட்டுப் பாத்துட்டு நடந்துடும். நாளைக்கி நான் உள்ள வரல. காலைல நீயே புல்லு போடு. என் துணி, என் செருப்பு, ஒண்ணும் அது கண்ணுல படக் கூடாது."

"நாளைக்கு மட்டுமா?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று இரண்டு பேருக்குமே தெரியும். கிருபா சொன்னாள்: "அது மறக்கற வரைக்கும்."

"எப்ப மறக்கும்?"

"உங்க அப்பாதான் படிச்சவரு. அவரு இருந்தா சொல்லியிருப்பாரு."

அன்று கிளம்பும் முன் மார்த்தாளுக்குக் கொள்ளு வைத்தாள். வழக்கம்போலத்தான் வைத்தாள், ஒரு கைப்பிடிகூட அதிகமாக அள்ளவில்லை. நெற்றியில் கை வைத்து ஜெபம் பண்ணினாள். கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்த ஸ்ம்ருதி கதவோரம் ஒதுங்கி நின்றாள். கிருபா அழவில்லை. வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, லாயத்தில் விட்டிருந்த தன் பழைய செருப்பையும் துண்டையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

சனிக்கிழமை காலையில் அவள் சந்துக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். சத்தம் வரக் கூடாதே. மதிலின் வெளிப்புறம், வாதாமரக் கிளை எட்டிப் பார்க்கிற இடத்தில், ஒரு டீக்கடை உண்டு. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் ஒரு மினி லாரி வந்து நின்றது. பின்னால் வைக்கோல் பரப்பி, கட்டுவதற்குக் கயிறும் தயாராக இருந்தது. இறங்கியவர் மோகன்ராஜ்.

"இன்னாக்கா, வெளிய ஒக்காந்துகினு கீறே? வேலையா, ஸ்ட்ரைக்கா?"

"டீ குடிக்க வந்தேன் தம்பி."

"மேடம் செத்த வெயிட் பண்ண சொல்லிச்சு. என்னமோ டெஸ்ட்டாம். குதிரைக்கு பரிச்சை வைக்கறாங்கோ. நானே எட்டாவது பெயிலு." இரண்டு டீ சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, செத்த பேசாம இரேன்."

மதிலுக்கு உள்ளே ரேஷ்மாவின் குரல் கேட்டது. டக் என்று நாக்குச் சத்தம். பிறகு மணலில் குளம்பு. மெத் மெத்தென்று, ஒரு சீராக, தூரமாய்ப் போய், வளைந்து, கிட்டே வந்தது. வாதாமரத்துக்கு நேராக வந்தது. நின்றது.

கிருபா டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஜெபத்தைச் சொன்னாள். முழுசும் சொன்னாள். குளம்பு நகர்ந்தது.

"நின்னுச்சு போலக் கீதே" என்றார் மோகன்ராஜ்.

கிருபா கையைக் காட்டி அவரை அடக்கினாள். இரண்டாவது சுற்று. தூரம், வளைவு, கிட்டே. நின்றது. அவள் மறுபடி தொடங்கினாள். ஜெபத்தின் நடுவில் அன்றாட அப்பத்தைக் கேட்கிற இடம் வந்திருக்கும், அதற்குள் குளம்புச் சத்தம் கிளம்பிவிட்டது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மீதியைச் சொல்லாமல் நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது சுற்று. மெத் மெத்தென்று வந்தது. மரத்துக்கு நேராகக் கொஞ்சம் தயங்கின மாதிரி ஒரு அடி மெதுவாக விழுந்தது. அவ்வளவுதான். தாண்டிப் போய்விட்டது. நாலாவதில் அந்தத் தயக்கமும் இல்லை. உள்ளே ரேஷ்மா கத்தினாள்: "நிக்கலை! மேம், நிக்கவே இல்லை! இதுக்கு மூச்சே வாங்கலை!"

கிருபா ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னாள். ஆனால் நெஞ்சில், முட்டி வலியைப் போலவே ஒன்று, வேறொரு இடத்தில் வந்து உட்கார்ந்தது. இத்தனை சீக்கிரமா என்று ஒரு எண்ணம். உடனே அதற்காகவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

மோகன்ராஜின் போன் அடித்தது. "சரி மேடம். பரவால்ல மேடம். குதிரை பாஸ் ஆயிடுச்சா? நல்லதுதான மேடம்." வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "போச்சுக்கா. காத்தால காத்தால பேஜாரு. காலி வண்டிய ஓட்டிக்கினு போணும்."

"கோச்சுக்காத தம்பி. உனக்கு வேற நல்ல குதிரையா கெடைக்கும். நான் ஜெபம் பண்றேன்."

"காது கேக்காத குதிரையா கெடைக்கச் சொல்லி பண்ணுக்கா. எனக்கும் அதுங்க மெரள்றத பாத்தா கஷ்டமாத்தான் கீது." கிளாஸை வைத்துவிட்டு எழுந்தவர், அவள் எழுந்திருக்கப் படுகிற பாட்டைப் பார்த்தார். கீழே கிடந்த செருப்பையும் பார்த்தார். "எங்கக்கா போணும்? வேலைக்கு உள்ள போலியா?"

"வூட்டுக்குத்தான். மேற்குத் தாம்பரம்."

"தாம்பரம் தாண்டித்தானே போறேன். வண்டி சும்மாதான் போவுது. ஏறு."

முன் சீட்டுக்கு ஏறுகிற படி உயரமாக இருந்தது. மோகன்ராஜ் பின்னாலிருந்த மரப்பெட்டி ஒன்றை எடுத்துப் போட்டார். குதிரை ஏறுவதற்கென்று கொண்டுவந்த பெட்டி. கிருபா வலது காலை வைத்து, இடது காலைக் கையால் தூக்கி வைத்து, ஏறி உட்கார்ந்தாள். பின்னாலிருந்து வைக்கோல் வாசனை வந்தது. வண்டி கிளம்பியது. பாதியில் விட்ட ஜெபம் ஞாபகத்துக்கு வர, கண்ணை மூடி விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொல்லி முடித்தாள்.

"அக்கா, கேட்டு தொறந்து கீது. ஒரு பார்வை பாத்துட்டுப் போலாமா? நிறுத்தவா?"

"வாணாம் தம்பி. நிறுத்தாத. போய்க்கினே இரு."

சொல்லிவிட்டு, வண்டி கேட்டைக் கடந்து போகிறவரைக்கும் முந்தானையை இழுத்துத் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டாள். மார்த்தாள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே.